ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டிய வீடு

இறைவன் செய்த காரியங்களில் கண்ணுக்கு நன்றாக இருப்பவற்றையெல்லாம் தாம் செய்தவையாக எண்ணிக்கொண்ட ஒருவர், செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தார். சன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழுந்தால், அந்த வெயிலைச் சுட்டி, “அது நான் வெச்சதுங்க” என்பார். வாசலில் ஒரு குருவி வந்து உட்கார, அதைப் பார்த்து யாராவது ‘அழகாக இருக்கிறதே’ என்று சொல்லிவிட்டால், குருவியும் அவர் வைத்ததாகிவிடும். நாள்தோறும் பதிகம் ஓதி, எல்லாம் உன் செயல் என்று சொல்லிச் சொல்லித் தழும்பேறிய நாக்கு என்னுடையது. எல்லாம் என் செயல் என்பதை அதே உறுதியோடு சொன்ன ஒரு மனிதரை அவரைத் தவிர வேறெங்கும் நான் கண்டதில்லை. பக்தியின் அளவில் அவர் எனக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர், தெய்வம்தான் வேறு.

அறுபதுகளில் நான் செஞ்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். முப்பதைக் கடந்தும் மணமாகாதவன். அவர் எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். கோடம்பாக்கத்தில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் அரண்மனை, சிறைச்சாலை, ஏழையின் குடிசை ஆகியவற்றை அட்டையிலும் துணியிலும் கட்டும் கூட்டத்தில் சில ஆண்டுகள் இருந்தார் என்றும், பிறகு மவுண்ட் ரோட்டில் ஒரு மேசை நாற்காலிக் கடையில் வேலை பார்த்தார் என்றும் சொல்வார்கள். எதனால் ஊர் திரும்பினார் என்பதைப் பற்றி அவரிடம் மூன்று விதமான விளக்கங்கள் இருந்தன. மூன்றிலும் முதலாளிகள் அழுதார்கள்.

வந்த மாதமே வீட்டு வாசலில் ஒரு பலகை ஏறியது. ‘இன்டீரியர் டெக்கரேட்டர்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே தமிழில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். நான் அகராதியைப் புரட்டி, இரண்டு நாள் யோசித்து, ‘அகவணிக் கலைஞர்’ என்று ஒரு தொடரை ஆக்கிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குது அய்யா. ஆனா பலகையில எடம் இல்ல” என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு தாமரைப்பூ வரைந்துகொண்டார்.

ஊர் அந்தப் பலகையைத் தன் வழக்கப்படி படித்தது. டெக்கரேஷன் என்றால் செஞ்சியில் அன்றைக்கு ஒரே பொருள்தான்: திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற வண்ண விளக்குச் சரம். ஆடி பிறந்ததும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்த நாட்டாண்மைகள் அவர் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

“மாரியாத்தாளுக்கு கூழு ஊத்தறோம். சீரியல் செட்டு எவ்ளோ நீளம் வெச்சிருக்கிற?”

“நான் அந்த டெக்கரேட்டர் இல்லீங்க. நான் வீட்டுக்கு உள்ளார பண்றவன்.”

“உள்ளார இன்னாத்துக்கு லைட்டு? சாமி வெளியதானே வருது?”

“லைட்டே இல்லீங்க. வீட்டு உள்ளாற எது எங்க இருந்தா பார்வையா இருக்கும்னு சொல்றது என் தொழிலு.”

வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அதைத்தான் எங்க வூட்டுக்காரி தெனைக்கும் சொல்லுதே” என்று எழுந்து போவார்.

இந்த அவமதிப்புகளையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டது, உலகம் ஒருநாள் தாம் காட்டும் இடத்தில் வந்து நிற்கும் என்ற நம்பிக்கையால். ‘நிற்கும்’ என்பதை நான் அணியாகச் சொல்லவில்லை. அவர் ஓர் அறையைச் சீர்செய்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் ஒரு பெருக்கல் குறி போடுவார். வீட்டுக்காரரைத் தோளைப் பிடித்து அதன்மேல் நிறுத்துவார். “இப்ப பாருங்க” என்பார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே எல்லாம் அழகாக இருக்கும். குறுகிய அறை நீண்டு தெரியும். சுண்ணாம்புச் சுவர் சலவைக்கல்லாகும். இல்லாத வளைவுக்கு அப்பால் இல்லாத தோட்டம் ஒன்று விரியும். ஓரடி நகர்ந்தால் தூண் சாயும், தோட்டம் சுருங்கும். கேமராவுக்கு ஓர் இடம் போதும் என்ற பாடத்தைக் கற்றுவந்தவர், மனிதர்களுக்குக் கால்கள் இருக்கின்றன என்ற அடுத்த பாடத்துக்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டார்.

அவர் தாமே போய்க் கேட்டு வாங்கிய முதல் வேலை, பெரிய கடைவீதியில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த பாய் வீட்டின் மாடியறை. பாய் பரம்பரையாகச் செஞ்சிக்காரர்; நாகரிகத்தில் விருப்பமும் பொறுமையும் உடையவர். வேலை முடிந்ததும் என்னையும் பார்க்க அழைத்தார். போய்ப் பார்த்தால், எதிர்வீட்டுக்காரர் மேற்குச் சுவரில் இருந்த சன்னலை அடைத்துப் பூசி, நான்கடி தள்ளி அதே சுவரில் ஒரு சன்னலை வரைந்திருந்தார். வரைந்த சன்னலின் கம்பிகளுக்கு அப்பால் ராஜகிரி மலை, உச்சியில் கோட்டை மதில், ஒரு மேகம்.

பாய் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “ஏன் தம்பி, அடைச்ச ஜன்னல்லயும் இதே மலைதானே தெரிஞ்சுது?”

“தெரிஞ்சுதுங்க பாய். ஆனா அதுல மலை கொஞ்சம் எடது பக்கமா இருந்துது.”

“காத்து வருமே அதுல.”

“காத்து கண்ணுக்குத் தெரியாதே பாய்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் வெண்மேகத்தைப் பார்த்தேன். “மேகம் நல்லா இருக்குது” என்றார் பாய், வேறு சொல்லத் தெரியாமல். “அது நான் வெச்சதுங்க” என்றார் அவர். அந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

இறைவனுக்கு ஐந்து தொழில்கள் என்று எங்கள் நெறி சொல்லும்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நம் அகவணிக் கலைஞர் நான்கைத் தள்ளிவிட்டு மறைத்தலில் மட்டும் நின்று தேர்ந்தார். கருங்கல்லை மறைத்து அதன்மேல் துணியில் சலவைக்கல் வரைவார். கல்லையே விளைபொருளாகக் கொண்ட ஊரில் கல்லை மறைத்துக் கல் வரைந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஓர் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு நல்லறிவு ஊட்டும் ஆசையில் இருவரும் சைக்கிளில் மண்டகப்பட்டுக்குப் போனோம். செங்கல்லும் மரமும் சுண்ணாம்பும் தொடாமல் பாறையைக் குடைந்து பல்லவன் ஆக்கிய கோயில் அது. கருவறைகள் மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன. அந்த வெறுமையின் முன் நின்றால் எனக்கு நா எழாது. அவர் உள்ளே போனார். முன்னும் பின்னும் நடந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து பெருமூச்சு விட்டார்.

“ஆளு கெட்டிக்காரன்தான் அய்யா. ஆனா முடிக்காம வுட்டுட்டு பூட்டான்.”

“முடிக்காமலா?”

“உள்ளார ஒண்ணுமே பண்ணலியே. மூணு ரூம்பு, மூணும் காலி. ஒரு திரை தொங்க வுட்டிருந்தாக்கூட எடுப்பா இருந்துருக்கும்.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடக்கு நோக்கிய அந்த முகப்பில் ஆனி வெயில் சாய்வாக ஏறி, வாயிற்காவலர் ஒருவரின் தோளிலும் கன்னத்திலும் பட்டது. கல் ஒரு கணம் மூச்சு விட்டாற்போல் இருந்தது. என்னையறியாமல் கை குவித்தேன். என் காதருகே அவர் மெல்லச் சொன்னார்: “பாத்தீங்களா? உங்களை இந்த எடத்துல நிக்க வெச்சது நானு. அதனாலதான் தெரியுது.”

இத்தகையவரை நானே என் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டேன் என்பதுதான் இனிச் சொல்ல வேண்டியது.

பெற்றோர் இல்லாத வீட்டில் நானும் என் தங்கையும் இருந்தோம். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பதினோராம் வகுப்பு முடித்தவள்; வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தெருவுக்கே ரவிக்கை தைத்தவள்; வாய் மட்டும் தெருவைவிடச் சற்று நீளம். அவளுக்கு மணம் முடித்த பிறகே என் மணம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை மூன்று இடத்தார் வந்து பார்த்தார்கள். மூவரும் வீட்டைச் சுற்றிக் கண்ணோட்டிவிட்டு, ஊருக்குப் போய் எழுதுவதாகச் சொல்லிப் போனார்கள். எவரும் எழுதவில்லை. எங்கள் வீடு ஒரே கூடமும் சமையலறையும் பின்கட்டும் கொண்ட ஓட்டு வீடு. கூடத்தின் தென்புறத்தில் நெற்குதிர், தகரப் பெட்டிகள், தையல் மெஷின்; கூடத்தின் நடுவே ஒரு கருங்கல் தூண்.

நான்காவதாகத் திண்டிவனத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியர். தகப்பனார் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். இது போனால் இனி இரண்டாந்தாரமாகக் கேட்பவர்கள்தாம் வருவார்கள் என்று தரகர் சொல்லிப் போனார். நான் அன்றிரவு உறங்கவில்லை. விடிந்ததும் எதிர்வீட்டுக்குப் போய், “எங்கள் கூடத்தை ஒருநாள் மட்டும் பார்வையாக ஆக்கித் தர முடியுமா?” என்று கேட்டேன்.

அவர் கண்கள் நனைந்தன. “அய்யா, செஞ்சியில என்னைத் தானா தேடி வந்த மொத ஆளு நீங்க” என்றார்.

தங்கை மட்டும், “எதுக்குண்ணா? வர்றவங்க குடியிருக்கவா வராங்க?” என்று கேட்டாள். வீட்டைப் பார்த்துத்தானே பெண்ணை எடை போடுகிறார்கள் என்றேன். “அப்ப வீட்டையே கட்டிக் குடுத்துடு” என்றாள்.

அவர் மூன்று நாள் வேலை செய்தார். சவுக்குக் கழிகளை நட்டு, தென்புறத்துப் பொருள்களையெல்லாம் மறைத்து, கூடத்தின் குறுக்கே காடாத் துணியால் ஒரு சுவர் எழுப்பினார். அதில் சலவைக்கல் வரைந்தார். கருங்கல் தூணுக்கு ரோஜா நிறத் துணி சுற்றினார். சமையலறைக் கதவும் அந்தச் சுவருக்குப் பின்னால் போய்விட்டதால், பெண் வெளிவருவதற்குத் துணிச்சுவரில் ஒரு திறப்பு விட்டுத் திரை தொங்கவிட்டார். வடபுறத்தில் இரண்டு பெஞ்சு போட்டு, அவற்றின் நடுவே சுண்ணாம்புக் குறி போட்டார். அங்கே உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் கூடம் ஒரு ஜமீன் மாளிகையின் முகப்பாகத் தெரிந்தது. எனக்கே என் வீட்டில் வாடகை கொடுக்க வேண்டும்போல் கூச்சமாக இருந்தது.

அவருக்கும் சரி, தமிழும் வடமொழித் தோத்திரமும் ஓதிய எனக்கும் சரி, ஒன்று தோன்றவில்லை. வடபுறம் உட்கார்ந்து தென்சுவரைப் பார்ப்பவர்கள் எந்தத் திசையை நோக்கியிருப்பார்கள்?

வந்தவர்கள் நால்வர்: மாப்பிள்ளை, அவருடைய பெற்றோர், ஒரு மாமன். வாசற்படி ஏறியதும் தகப்பனாரின் கண்கள் சலவைக்கல்லில் ஒட்டிக்கொண்டன. அவர் பெஞ்சில் உட்காரப் போனார். மாப்பிள்ளையின் தாயார் கையை நீட்டித் தடுத்தார்.

“இன்னா தம்பி இது, தெக்க பாத்து உக்கார வெக்கிறீங்க? கருமாதிக்கா வந்திருக்கறோம்?”

நம் கலைஞர், வேலையின் சிறப்பை விளக்குவதற்காக வாசலோரம் நின்றிருந்தவர், பதறிக்கொண்டு உள்ளே வந்தார். “அம்மா, இங்க உக்காந்தாதான் பார்வை வரும். அந்தக் குறி மேல உக்காருங்க, ஒரு அஞ்சு நிமிசம்.”

“உன் குறி மேல நீயே குந்திக்க. நல்ல காரியம் கெழக்க பாத்துதான் பேசணும். புடிங்கய்யா அந்த பெஞ்சை.”

மாமனும் தகப்பனாரும் பெஞ்சைத் தூக்கி மேற்குச் சுவரோரம் திருப்பினார்கள். திருப்பும்போது பெஞ்சின் கால், துணிச்சுவரைத் தாங்கிய முட்டுக் கழியில் இடித்தது. கழி நழுவிப் போயிற்று. ஆனால் சுவர் விழவில்லை. சற்றுப் பின்புறமாகச் சாய்ந்து, பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் நின்றுவிட்டது.

அவர்கள் கிழக்கு நோக்கி உட்கார்ந்தார்கள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் சலவைக்கல் மாளிகை ஒரு விரற்கடைத் துணியாக ஒடுங்கியது. அதற்குப் பின்னால் நெற்குதிர் தெரிந்தது. தகரப் பெட்டிகள் தெரிந்தன. தையல் மெஷினும் அதன்மேல் பாதி தைத்த ரவிக்கையும் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, பட்டுச் சேலை உடுத்தி, ஒரு கையில் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு, முதுகால் அந்தச் சுவரைத் தாங்கியபடி என் தங்கை நின்றாள்.

“அய்யோ, அந்தப் பக்கம் பாக்காதீங்க! அங்க ஒண்ணுமே இல்ல!” என்றார் நம் கலைஞர்.

தாயார் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, சுவத்தைத் தாங்கிக்கினு நிக்கிற?”

“நான் நகந்தா என் தலை மேலயே வுழுந்துடும்மா. ஒரு கையிலதான் புடிச்சிருக்கறேன், இன்னொண்ணுல காப்பி இருக்குது. ஆராச்சும் வந்து டம்ளரை எடுத்துக்கினீங்கன்னா, வசதியா ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவேன்.”

அந்த அம்மாள் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எழுந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையும் எழுந்து கழியை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தார். அதற்குள் தகப்பனார் சலவைக்கல்லை விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்த்து, “அட, நம்ம காடாத் துணி! எட்டணா காடாவை எப்படிய்யா இப்படிப் பண்ணின?” என்று வியந்துகொண்டிருந்தார். நம் கலைஞர் தமது வாழ்நாளில் முதன்முறையாக ‘எப்படி’ என்று கேட்ட ஒருவரைப் பெற்ற மகிழ்ச்சியில், பெண் பார்க்க வந்தவர்களுக்குத் துணிக்குப் பசை காய்ச்சுவது பற்றி அரைமணி நேரம் உரையாற்றினார்.

புறப்படும்போது அவர்களும் ஊருக்குப் போய் எழுதுவதாகத்தான் சொன்னார்கள். ஆனால் தாயார் என் தங்கையின் மோவாயைத் தொட்டுவிட்டுப் போனார். முன்பு வந்த மூவரும் அதைச் செய்ததில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. தகப்பனார் எழுதியிருந்தார். தம் ஜவுளிக்கடையைப் புதுப்பிக்க எண்ணியிருப்பதாகவும், எங்கள் வீட்டில் வேலை செய்தவரை உடனே அனுப்பிவைக்குமாறும் மூன்று பத்திகள். கடைசியில் ஒரு வரி: ‘பெண் விஷயமாக வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பின்னர் எழுதுகிறோம்.’

“கல்யாணம் அவருக்குத்தான் கூடி வந்துருக்குது” என்றாள் தங்கை. ஆனால் அந்தக் கடைசி வரியை அவள் இரண்டாம் முறை படித்ததை நான் கண்டேன்.

அடியார்கள் தம் தலைவனிடம் கிளியையும் வண்டையும் நாரையையும் தூது விடுவார்கள். அந்த மரபில் ஊறிய நான், இவரைத் தூது விட்டேன். வேலைக்கு நடுவில் எங்கள் குடும்பத்தைப் பற்றி நல்ல வார்த்தை இரண்டு சொல்லுமாறு பஸ் நிலையத்தில் அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். “அதை எங்கிட்ட வுட்டுடுங்க அய்யா” என்றார் அவர். கிளிகள் அப்படிச் சொல்வதில்லை. நான் யோசித்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு அவர் ஊர் வந்தார். புதுச் சட்டை, முகத்தில் தேஜஸ். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கடையில் எழுப்பிய வளைவுகளைப் பற்றியும் கண்ணாடிகளைப் பற்றியும் சொன்னார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, “அந்த அம்மாள் ஏதாவது சொன்னார்களா?” என்று கேட்டேன். தங்கை கதவோரம் வந்து நின்றாள்.

“சொன்னாங்களே! உங்க வீட்டுக் கூடத்தைப் பத்தி ஒருநாள் தானாவே பேச்சை எடுத்தாங்க. ‘மத்ததெல்லாம் எனக்கு நெனப்பு இல்லப்பா. அந்தப் பொண்ணு முதுகால சுவத்தைத் தாங்கிக்கினு, பயப்படாம, சிரிக்க சிரிக்கப் பேசிச்சு பாரு, அது கண்ணுலயே நிக்குது. அப்படி ஒரு பொண்ணு ஒரு வீட்டுக்கு வந்தா அந்த வீடு வுழாது’ன்னாங்க.”

நான் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டேன். “நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுவும் நான் வெச்சதுதாங்கம்மான்னு சொன்னேன்.”

தங்கைதான் கேட்டாள். “எதை நீங்க வெச்சீங்க?”

“உன்னைத்தாம்மா. சுவரு சாயற மாதிரி சாயணும், நீ இப்படி நிக்கணும், இந்த வார்த்தையைச் சொல்லணும், எல்லாம் முன்னாடியே நான் பண்ண ஏற்பாடுன்னு எடுத்து சொன்னேன். மெட்ராஸ்ல இதுக்கெல்லாம் ரிகர்சல்னு பேரு.”

“அப்புறம் அவங்க இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. உள்ள பூட்டாங்க.” சொல்லிவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அறையில் எதுவோ இடம் மாறிவிட்டது என்பது அந்தத் தொழிலாளிக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் எழுந்து நின்று, தலையில் அடித்துக்கொண்டார். அந்த அடி உண்மையானது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உண்மையானது. அதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“நான் எழுதிடறேன் அய்யா. இப்பவே எழுதிடறேன். அது நான் வெச்சது இல்லன்னு எழுதிடறேன்.”

என் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நான் வாசகம் சொல்ல முன்வந்தபோது, கடிதமும் ஒரு டிசைன்தான் என்று மறுத்துவிட்டார். நாலு தாளைக் கசக்கி எறிந்தார். ஐந்தாவதை வியர்வையோடு நீட்டினார். நான் உரக்கப் படித்தேன்:

‘அன்று தங்கள் முன் அந்தப் பெண் நின்றது எனது ஏற்பாடு அல்லவே அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனது ஏற்பாடாக இருந்திருந்தால் பெண்ணை இன்னும் இரண்டடி இடப்புறமாக நிறுத்தி, தையல் மெஷினை மறைத்திருப்பேன்.’

தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “இதையே அனுப்புண்ணா. ஒரு எழுத்து மாத்தாதே. இதுக்கு மேல நெசம் அவருக்கு வராது.”

அனுப்பினோம். மாசி பிறந்து பதில் வந்தது. இம்முறை தகப்பனார் எழுதவில்லை. அந்த அம்மாளே உருட்டி உருட்டி எழுதியிருந்தார். ‘பெண் நல்ல பெண்ணாகவே இருக்கலாம். எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் முதலில் ஒன்று சொன்ன ஆள் இப்போது வேறு எழுதுகிறார். யார் சொல்லி எழுதினாரோ. உங்கள் வீட்டில் எது தானாக நின்றது, எது நிற்க வைத்தது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மன்னிக்கவும்.’

அவர் அதன்பின் செஞ்சியில் அதிக நாள் இருக்கவில்லை. திண்டிவனத்துக் கடையைப் பார்த்து விழுப்புரத்தில் ஒருவர் அழைத்தார். அதைப் பார்த்துச் சென்னையில் ஒருவர். ஜவுளிக்கடைகளுக்கு அவர் பிறவியிலேயே பொருத்தமானவர். அங்கே வருகிறவர்கள் துணியைப் பார்ப்பார்கள். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. நன்றாகவே வாழ்ந்தார் என்று கேள்வி.

அந்தக் கடிதம் வந்த நாளில் நான் அவரை நாவுக்கு எட்டிய வரையில் ஏசினேன். பதிகம் ஓதிய வாயால் அத்தனை சொற்கள் வரும் என்று எனக்கே தெரியாது. தங்கை மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே கேட்டிருந்தாள். நான் ஓய்ந்ததும் மெஷினை நிறுத்தினாள்.

“அவரு தொழிலை அவரு செஞ்சாரு. வுழுந்த சுவத்தை நான் தாங்கினேன். இந்த வீடு எங்களுக்குப் போதும், இவ என் தங்கச்சி, வந்து பாருங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா, சுவரே வேண்டியிருந்துருக்காது.”

அவள் மெஷினின் இழுப்பறையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கான விண்ணப்பம். எப்போதோ வாங்கி, எல்லா இடங்களையும் அழகான கையெழுத்தில் நிரப்பி வைத்திருந்தாள். ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது: பாதுகாவலர் கையொப்பம். அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டி, பேனாவையும் மூடியைக் கழற்றி அவளே என் கையில் கொடுத்தாள்.